ஏசிஎல் ஆபரேஷன்: டைட்டேனியம் ஸ்க்ரூவா, கரையும் ஸ்க்ரூவா?

கேள்வி: பொங்கோல் அம்மா
3 மார்ச் 2025, இரவு 8.50

என் மகளுக்கு 17 வயது, ஜேசி (ஜூனியர் காலேஜ்) முதலாண்டு. நெட்பால் ஆடுவாள். போன மாதம் பந்தை எட்டிப் பிடித்து ஒற்றைக் காலில் இறங்கியபோது முட்டி உள்பக்கமாக மடிந்து விழுந்துவிட்டாள். எம்ஆர்ஐ எடுத்ததில் ஏசிஎல், அதாவது முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் நார், முழுதாக அறுந்திருக்கிறது. தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநார் எடுத்துப் பொருத்தி, கீழே டைட்டேனியம் ஸ்க்ரூ போடலாம் என்கிறார் டாக்டர். சென்னையில் இருக்கும் என் அண்ணனோ, "இப்பல்லாம் கரைஞ்சு போற ஸ்க்ரூ வந்தாச்சு, இரும்பைப் போட விடாதே" என்று ஒரே பிடியாக நிற்கிறார். வயசுப் பிள்ளை உடம்பில் காலத்துக்கும் உலோகம் இருக்கலாமா? பிறகு அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நிம்மதியாக இருக்கும்.

3 மார்ச் 2025, இரவு 11.20

அக்கா, எனக்கு இடது முட்டியில் இதே ஆபரேஷன் இரண்டு முறை நடந்திருக்கிறது. முதலாவது ஊரில், இங்கே வேலைக்கு வருவதற்கு முன்னால், கிரிக்கெட்டில் விழுந்து. இரண்டாவது சிங்கப்பூரில். முதல் முறை டைட்டேனியம், அடுத்த முறை கரையும் வகை. உங்கள் அண்ணன் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன.

ஸ்க்ரூ என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளை போட்டு, புதிய நாரை அந்தத் துளைகளுக்குள் இழுத்துவிடுகிறார்கள். இந்தப் புதிய நாரைத்தான் கிராஃப்ட் என்கிறார்கள். பிறகு துளையின் சுவருக்கும் கிராஃப்டுக்கும் நடுவில் ஸ்க்ரூவைத் திருகி இறக்குகிறார்கள். அது நாரைக் குத்தி நிறுத்துவதில்லை. மண்வெட்டிக் காம்பு ஆடாமலிருக்க இடுக்கில் ஆப்பு வைத்து இறுக்குவோமே, அதே வேலைதான். நாரை எலும்புச் சுவரோடு நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது.

எவ்வளவு காலத்துக்கு? எலும்பு நாரைப் பிடித்துக்கொள்ளும் வரை. இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுத்த கிராஃப்ட் என்றால் 6 முதல் 8 வாரம். உங்கள் மகளுக்குச் செய்யப்போவது வெறும் தசைநார், அதற்கு 8 முதல் 12 வாரம். அந்தக் காலம் வரை முட்டியின் பலவீனமான இடம் கிராஃப்ட் அல்ல, அதைப் பிடித்திருக்கும் பிடிதான். அதற்கப்புறம் ஸ்க்ரூவுக்குப் பெரிதாக வேலை இல்லை. சும்மா உள்ளே கிடக்கும்.

எடுக்க வேண்டுமா என்றால், தொந்தரவு இல்லாதவரை எடுப்பதில்லை. ஒல்லியான உடம்பில் கீழ்க்கால் ஸ்க்ரூவின் தலை தோலுக்கடியில் உறுத்தினால் எடுப்பார்கள். கிராஃப்ட் மறுபடி அறுந்து, ஸ்க்ரூ வழியில் நின்றால் எடுப்பார்கள். அவ்வளவுதான்.

4 மார்ச் 2025, காலை 7.05

வேலைக்குப் போகும் வழியில், ரயிலில் இருந்து எழுதுகிறேன்.

உள்ளே உலோகம் இருந்தால் பிறகு எம்ஆர்ஐ எடுக்க முடியுமா, விமான நிலையத்தில் நிறுத்துவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். டைட்டேனியத்தைக் காந்தம் இழுக்காது. பிற்காலத்தில் எம்ஆர்ஐ எடுக்கத் தடையில்லை, ஆனால் ஸ்க்ரூவைச் சுற்றிப் படம் கலங்கலாக வரும். முட்டியையே எடுக்கும்போது அது டாக்டருக்கு இடைஞ்சல்தான். படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சாங்கி விமான நிலையத்தில் என்னை யாரும் நிறுத்தியதில்லை. திருச்சியிலும் இல்லை.

5 மார்ச் 2025, இரவு 9.40

முதல் குறிப்பில் 12 வாரம் என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, "அப்ப மூணு மாசத்துல ஆடலாமா அண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கூடாது தம்பி. நான் சொன்னது எலும்புத் துளைக்குள் நார் பிடிப்பதைப் பற்றி மட்டும். துளைக்கு வெளியே, மூட்டுக்குள் நிற்கும் பகுதியின் கதை வேறு. அதற்கு ரத்த ஓட்டம் அறுந்துபோயிருக்கிறது. பழைய செல்கள் செத்து, புதிய ரத்தக் குழாய்கள் வந்து, இழைகள் மெல்ல மெல்ல மாற்றி அடுக்கப்படும். அந்த நடுக்காலத்தில், முதல் சில மாதங்களில், வைத்த அன்று இருந்ததைவிட கிராஃப்ட் பலவீனமாகத்தான் இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் வீக்கம் வற்றி, வலி போய், கால் சரியாகிவிட்டது போலத் தோன்றும். முதல் முறை எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

6 மார்ச் 2025, இரவு 10.30

கரையும் ஸ்க்ரூவுக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

பெயரைக் கேட்டால் சர்க்கரைபோலக் கரைந்து எலும்பாக மாறிவிடும் என்று தோன்றுகிறது. உண்மையில் பலவும் பாலிலாக்டிக் அமிலம் என்ற பிளாஸ்டிக். உடம்பின் ஈரம் அதன் சங்கிலிகளைத் துண்டு துண்டாக உடைக்கிறது. கடைசியில் லாக்டிக் அமிலமாகி, கரியமில வாயுவும் தண்ணீருமாக வெளியேறுகிறது. பழைய, தூய வகைகளில் இதற்குப் பல ஆண்டு பிடிக்கும். கரைந்த இடத்தில் எலும்பு வந்து முழுதாக நிரம்பும் என்றும் சொல்ல முடியாது. வெற்றிடமாகவோ நார்த்திசுவாகவோ நின்றுவிடுவதும் உண்டு. அதனால்தான் பின்னால் எலும்பின் தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட் போன்றவற்றைக் கலந்த ஸ்க்ரூக்கள் வந்தன. அவற்றில் எலும்பு வளர்வது மேல். பீக் என்று இன்னொரு பிளாஸ்டிக் இருக்கிறது. அது கரையவே கரையாது, ஆனால் எம்ஆர்ஐயில் படத்தைக் கெடுக்காது. விற்பனைத்தாளில் உலோகம் இல்லை என்று போட்டிருந்தால் கரையும் என்று அர்த்தமில்லை.

நல்லது என்ன? எம்ஆர்ஐ தெளிவாக வரும். மறு ஆபரேஷன் வந்தால், உலோகத்தைத் தோண்டி எடுப்பதுபோல இல்லாமல், ஊடாகவே துளை போட்டுவிடலாம். புரிகள் மொண்ணையாக இருப்பதால் கிராஃப்டைச் சீவிவிடும் பயமும் குறைவு.

கெட்டது என்ன? உலோகத்தைவிட எளிதில் உடையும், பெரும்பாலும் திருகும்போதே. அதனால்தான் அதற்கான ஸ்க்ரூடிரைவர் ஸ்க்ரூவின் நுனி வரை உள்ளே போகும்படி செய்கிறார்கள், விசை தலையில் மட்டும் விழாமல் நீளம் முழுக்கப் பரவட்டும் என்று. அப்புறம், கரையும் காலத்தில் சிலருக்கு அந்த இடத்தில் அழற்சி, நீர்க்கட்டி, எலும்புத் துளை அகலமாவது எல்லாம் வரலாம்.

எனக்கே வந்தது. இரண்டாவது ஆபரேஷனில் போட்டது தாது கலந்த கரையும் ஸ்க்ரூ. நடை, படி, சைக்கிள் எல்லாம் சரியாகிவிட்ட பிறகு, கீழ் வடுவுக்குப் பக்கத்தில் சுண்டைக்காய் அளவுக்கு மெத்தென்று ஒரு வீக்கம். அமுக்கினால் வலிக்காது. சூடு இல்லை, காய்ச்சல் இல்லை. பிசியோதெரபிஸ்ட் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னிக்கே டாக்டருக்குப் போன் பண்ணுங்க" என்றார். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்து, கிருமி இல்லை, ஸ்க்ரூ கரைவதன் விளைவு என்றார்கள். தானே வற்றியது. ஆனால் அந்த ஒரு வாரம் தூக்கம் இல்லை. இப்படி நடக்கலாம் என்று யாராவது முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

உலோகம், கரையும் வகை இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைக் காக்ரேன் குழு 2016-இல் தொகுத்துப் பார்த்தது. 12 ஆய்வுகள், 944 பேர். இரண்டு ஆண்டு கழித்து முட்டி எப்படி இருக்கிறது என்பதில் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஸ்க்ரூ உடைவது உள்ளிட்ட தோல்விகள் கரையும் பக்கம் சற்று அதிகமாக இருக்கலாம் என்று பட்டது. ஆதாரம் அவ்வளவு உறுதியானதல்ல என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆகவே அக்கா, டைட்டேனியம் என்று டாக்டர் சொன்னதற்காக அவரைப் பழைய காலத்து ஆள் என்று நினைத்துவிடாதீர்கள்.

7 மார்ச் 2025, மதியம் 1.10

கரையும் ஸ்க்ரூ சைவமா என்று கேட்ட ஜூரோங் அண்ணனுக்கு: பாலிலாக்டிக் அமிலம் பெரும்பாலும் சோளம் போன்றவற்றின் மாவுச்சத்தை நொதிக்க வைத்துத் தயாரிப்பது. இதில் மிருகச் சமாச்சாரம் வரும் என்று நான் கவலைப்பட மாட்டேன். கிராஃப்ட் மட்டும், இறந்தவர் தானமாகக் கொடுத்த நாராக இருக்கலாம். அதைப் பயன்படுத்துவதாக இருந்தால் உங்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்குவார்கள். மத நம்பிக்கை சார்ந்து தயக்கம் இருந்தால் அப்போது சொல்லுங்கள், அவர்களுக்கு இது புதிதல்ல.

9 மார்ச் 2025, மாலை 5.30

"ஸ்க்ரூ எவ்வளவு பெரிசோ அவ்வளவு பலம். பெரிய சைஸ் போடச் சொல்லுங்க" என்று உட்லண்ட்ஸ் அண்ணன் எழுதியிருக்கிறார். இதில் பாதி உண்மை இருக்கிறது.

கிராஃப்டை இப்படி நெருக்கிப் பிடிக்கும் முறையை 1983-இல் லாம்பர்ட் என்பவர் எழுதினார். அப்போது பயன்பட்டது எலும்பு முறிவுக்குப் போடும் சாதாரண 6.5 மி.மீ. ஸ்க்ரூ. 1987-இல் குரோசாக்கா என்ற ஜப்பானியரும் கூட இருந்தவர்களும் பலவிதப் பிடிகளை இழுத்துப் பார்த்துச் சோதித்தார்கள். தையல், ஸ்டேப்பிள், 6.5 மி.மீ. எல்லாவற்றையும்விட, இதற்கென்றே செய்த 9 மி.மீ. ஸ்க்ரூ அதிகம் தாங்கியது. தலை இல்லாத பருமனான ஸ்க்ரூ பரவியது அதற்குப் பிறகுதான்.

ஆனால் அளவுக்கு மேல் போனால் எலும்புச் சுவர் விரிசல் விடும், நார் நசுங்கும். துளையின் விட்டத்துக்குச் சமம், அல்லது ஒரு மி.மீ. கூடுதல் என்பதுதான் பொதுவான வழக்கம். எலும்பு எவ்வளவு கெட்டி என்பதைத் திருகும் கையே உணரும். அதை வெளியில் இருந்து நாம் சொல்ல முடியாது. கோணமும் முக்கியம். ஸ்க்ரூ துளைக்கு இணையாகப் போகாமல் விலகி நுழைந்தால் ஒரு முனை மட்டும்தான் நெருக்கும். பருமன் இருந்தும் பிடி இருக்காது.

இன்னொரு கணக்கு. இளம் வயதில் இயற்கையான ஏசிஎல் அறுவதற்குச் சுமார் 2,160 நியூட்டன் விசை வேண்டும் என்று 1991-இல் அளந்திருக்கிறார்கள். நாலு மடிப்பாக எடுத்த ஹாம்ஸ்ட்ரிங், அதாவது தொடையின் பின்பக்கத் தசைநார், 4,000 வரை தாங்கும். ஆனால் வெறும் தசைநாரைப் பிடித்திருக்கும் ஒரு சாதாரண ஸ்க்ரூ, ஆய்வகச் சோதனைகள் பலவற்றில், ஆயிரத்தைக்கூட எட்டுவதில்லை. நடப்பதற்கும் ஒழுங்கான பயிற்சிக்கும் அது போதும். கால் வழுக்கினால் போதாது. முதல் வாரங்களில் பிசியோ இவ்வளவு கெடுபிடி பண்ணுவது இதனால்தான்.

10 மார்ச் 2025, காலை 6.50

முதல் குறிப்பில் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இரண்டு எலும்பிலும் ஸ்க்ரூ என்பதுபோல எழுதிவிட்டேன். இப்போது ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்ட் என்றால் மேலே தொடை எலும்பில் பெரும்பாலும் பட்டன் போடுகிறார்கள். சின்ன உலோகத் தகடு, கயிற்று வளையத்தோடு. எலும்புக்கு வெளிப்புறம் குறுக்கே மாட்டிக்கொண்டு கிராஃப்டைத் தொங்கவிடும். கீழேதான் ஸ்க்ரூ. பொங்கோல் அக்கா, உங்கள் டாக்டர் கீழே என்று குறிப்பாகச் சொன்னதும் அதனால்தான் இருக்கும்.

கீழ்ப்பக்கம்தான் கவலைக்குரிய பக்கம். அங்கே எலும்பு சற்று மென்மை. கிராஃப்ட் இழுக்கப்படும் திசையும் துளையின் திசையும் கிட்டத்தட்ட ஒன்று, ஆகவே நழுவ வழி அதிகம். சில டாக்டர்கள் ஸ்க்ரூவோடு நிறுத்தாமல், கிராஃப்ட் நுனியின் தையல் நூலை எலும்பில் இன்னொரு இடத்திலும் கட்டிவைப்பார்கள். இதைக் கேட்கலாம்: "கீழே ஸ்க்ரூ மட்டுமா, கூடவே வேறு பிடி உண்டா?" ஸ்க்ரூ எதனால் ஆனது என்பதைவிட எனக்கு இது பெரிய கேள்வி.

15 மார்ச் 2025, இரவு 9.00

ஆபரேஷனே வேண்டாம், ஊருக்குப் போய்ப் புத்தூர்க் கட்டு போடுங்கள் என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். மரியாதையோடு மறுக்கிறேன் ஐயா. எலும்பு முறிவு வேறு, இது வேறு. முறிந்த எலும்பைச் சுற்றி ரத்தம் உறையும், அதிலிருந்து புது எலும்பு வளரும். ஏசிஎல் மூட்டுத் திரவத்துக்குள் நிற்பது. அறுந்த நுனிகளுக்கு நடுவே ரத்தக்கட்டி தங்காமல் கரைந்துவிடும். முழுதாக அறுந்தது வெளியில் கட்டுப் போட்டால் பழையபடி சேரும் என்று நம்ப இடமில்லை.

ஆனால் எல்லாருக்கும் உடனே ஆபரேஷன் வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. இதைச் சொல்லாமல் ஸ்க்ரூவைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பது சரியாகப் படவில்லை. சுவீடனில் 121 இளைஞர்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்த ஆய்வு 2010-இல் வந்தது. ஒரு பிரிவுக்குச் சீக்கிரமே ஆபரேஷன், பயிற்சியோடு. மற்றவர்களுக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். இரண்டாவது பிரிவில் 59 பேர். இரண்டு ஆண்டில் அவர்களில் 23 பேர்தான் ஆபரேஷனுக்கு வந்தார்கள். முட்டியின் நிலையில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அலுவலக வேலை, நடை, நீச்சல் போதும் என்பவருக்கு இது நல்ல செய்தி. நெட்பால், ஃபுட்சால் என்று சட்டென்று திரும்பும் ஆட்டத்துக்கே போக வேண்டும் என்பவருக்கு, முட்டி அடிக்கடி பிசகுகிறவருக்கு, ஆபரேஷன் பக்கம் சாய்கிறது. எனக்குச் சாரத்தில் ஏறி இறங்கும் வேலை. ஏணியில் முட்டி ஒருமுறை பிசகினால் போதும்.

22 மார்ச் 2025, இரவு 11.45

இந்த இழையில் நான் உண்மையாகச் சொல்ல வந்தது இதுதான். சொல்ல இவ்வளவு நாளாகிவிட்டது.

முதல் ஆபரேஷன் முடிந்து ஊரில் எனக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் ஒரே வரி: இடது முட்டி, ஏசிஎல் சீரமைப்பு செய்யப்பட்டது. என்ன கிராஃப்ட், என்ன ஸ்க்ரூ, என்ன அளவு, ஒன்றும் கிடையாது. நல்லபடியாக நடந்த ஆபரேஷன்தான். பல வருடம் ஓடினேன், ஆடினேன். அதனால் அந்தத் தாளை நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

இங்கே ஃபுட்சாலில் மறுபடி அறுந்தபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "உள்ளே என்ன ஸ்க்ரூ இருக்கிறது?" எக்ஸ்ரேயைத் திரையில் போட்டார். வெள்ளை வெளேரென்று இரண்டு ஸ்க்ரூ, புரி எண்ணிவிடலாம் போல. "உலோகம் என்று தெரிகிறது. இதன் தலைக்குள் ஆறு பக்கக் குழியா, நட்சத்திரக் குழியா, எத்தனை மி.மீ. என்று இதில் தெரியாது" என்றார். ஒவ்வொரு நிறுவனத்தின் ஸ்க்ரூவுக்கும் அதனதன் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். பொருந்தாததை வைத்துத் திருகினால் குழி வழுக்கிவிடும். அப்புறம் சுற்றியிருக்கும் எலும்பைக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். எலும்பை இழந்தால் புது ஸ்க்ரூ எதைப் பிடித்து நிற்கும்?

தம்பியை அந்த மருத்துவமனைக்கு அனுப்பினேன். அந்த வருடத்துப் பதிவேடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவன் அங்கேயே நின்று, மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், ஆபரேஷன் தியேட்டர், பில் போடும் இடம் என்று அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். இங்கே டாக்டர் சிடி ஸ்கேன் எடுத்துத் துளைகளின் அகலத்தைப் பார்த்தார். மிகவும் அகலமாகியிருந்தால் முதலில் எலும்புத் தூள் நிரப்பி, சில மாதம் காத்திருந்து, பிறகு இன்னொரு ஆபரேஷன். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. பலவகை ஸ்க்ரூடிரைவர்கள் உள்ள பெட்டியைத் தருவித்து வைத்துக்கொண்டுதான் தொடங்கினார்கள். கீழ் ஸ்க்ரூவின் தலைமேல் எலும்பு மூடி வளர்ந்திருந்ததாம். சுரண்டி எடுத்து வெளியே கொண்டு வந்தார்கள். மேல் ஸ்க்ரூ புதிய துளைக்கு இடைஞ்சலாக இல்லாததால் அப்படியே விட்டுவிட்டார்கள். அது இன்னும் என் தொடை எலும்பில்தான் இருக்கிறது.

ஸ்க்ரூ வரும் பெட்டிக்குள் ஒட்டுச்சீட்டுகள் இருக்கும். நிறுவனத்தின் பெயர், பொருள் எண், லாட் எண், அப்புறம் 9 × 30 என்பதுபோல விட்டமும் நீளமும். ஒன்றை ஆபரேஷன் குறிப்பில் ஒட்டுவார்கள். என்னுடையதை இந்த முறை கேட்டு நகல் வாங்கினேன். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும், எழுத்து பொடிசு. அந்தச் சின்னச் சீட்டு முதல் முறையே என் கையில் இருந்திருந்தால், தம்பி ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலைந்திருக்க வேண்டாம்.

பொங்கோல் அக்கா, ஆபரேஷன் குறிப்பின் நகலை எனக்குக் கொடுங்கள் என்று முன்பே கேட்டு வையுங்கள். வீடு திரும்பும்போது தரும் சுருக்கத்தைச் சொல்லவில்லை, முழுக் குறிப்பு. கிராஃப்ட் எது, எத்தனை மி.மீ. பருமன், மேலே என்ன பிடி, கீழே என்ன பிடி, மெனிஸ்கஸில் (முட்டிக்குள் மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பில்) கை வைத்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் மகளுக்கு 17 வயது. பல்கலைக்கழகம், வேலை, கல்யாணம் என்று எந்த நாட்டில் இருப்பாளோ. முட்டி கூடவே போகும்.

23 மார்ச் 2025, காலை 8.15

கட்டணம் பற்றி: ஆபரேஷனுக்கு முன் மருத்துவமனையில் செலவு மதிப்பீடு தருவார்கள். அதில் உள்ளே வைக்கும் பொருளுக்கு எவ்வளவு என்ற கணக்கைத் தனியாகப் பாருங்கள். மெடிசேவில் (நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) எவ்வளவு, மெடிஷீல்டு லைஃபில் (அடிப்படை மருத்துவக் காப்பீடு) எவ்வளவு, கையிலிருந்து எவ்வளவு என்று அங்கேயே கேட்டுவிடலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

26 ஏப்ரல் 2025, இரவு 10.10

அக்காவின் மகளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், மிக்க மகிழ்ச்சி. மேலே பட்டன், கீழே டைட்டேனியம். ஒட்டுச்சீட்டின் நகலும் வாங்கிவிட்டாராம், அதைப் படித்தபோது எனக்குத்தான் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

வடுவுக்கு வெளிப்பக்கம் தோல் மரத்திருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே தோலுக்கு ஓடும் மெல்லிய நரம்புக் கிளை ஒன்று வெட்டில் அகப்பட்டுக்கொள்வது சகஜம். பலருக்கு அந்த வட்டம் காலப்போக்கில் சுருங்கும். எனக்கு ஒரு ஐம்பது காசு அளவுக்கு இன்னும் மரத்தே இருக்கிறது, கொசு கடித்தாலும் தெரியாது. நடப்பதற்கு இதனால் ஒன்றும் வராது. ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், காய்ச்சல் வந்தால், வடு சிவந்து நீர் கசிந்தால் காத்திருக்காமல் போய்விடுங்கள்.

முட்டி போட்டால், சம்மணம் கொட்டினால் வரும் வலி பற்றி: இதை ஸ்க்ரூவின் தலையில் மட்டும் கட்டக்கூடாது. எனக்கு இரண்டாவது முறை முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள நாரை எலும்புத் துண்டுகளோடு எடுத்தார்கள். முட்டி போட்டால் இன்றும் வலிப்பது அந்த எடுத்த இடம்தான். அந்த வகை கிராஃப்டுக்கு இது தெரிந்த விலை. ஹாம்ஸ்ட்ரிங்கில் அது குறைவு. கோயிலில் அன்னதானத்துக்குத் தரையில் உட்கார எனக்கு நெடுநாள் ஆயிற்று. இப்போது உட்காருகிறேன். எழும்போது பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொள்வேன்.

18 மே 2025, மாலை 6.40

தெம்பனிஸிலிருந்து ஒருவர்: மகனுக்கு 12 வயது, டேக்குவாண்டோவில் ஏசிஎல் அறுந்திருக்கிறது, மேலே எழுதியதெல்லாம் பொருந்துமா என்று. நிறையப் பொருந்தாது. அந்த வயதில் முட்டியின் மேலும் கீழும் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் திறந்திருக்கும். ஸ்க்ரூவோ கிராஃப்டின் எலும்புத் துண்டோ அந்தத் தட்டின் குறுக்கே நின்றால், வளர்ச்சி அங்கே அடைபட்டுக் கால் கோணலாகவோ குட்டையாகவோ போகலாம். அதனால் எலும்பில்லாத தசைநாரை வைத்து, பிடியைத் தட்டிலிருந்து தள்ளிப் போடும் முறைகள் இருக்கின்றன. குழந்தைகளின் எலும்பைப் பார்க்கும் நிபுணரிடமே போங்கள். அவர் எவ்வளவு வளர்ச்சி பாக்கி என்று பார்க்க எக்ஸ்ரே எடுப்பார், அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

13 ஜூலை 2025, இரவு 10.55

விடுதியில் தங்கியிருக்கும் ஒரு தம்பி தனியாக எழுதினார். வொர்க் பெர்மிட். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் முட்டி போய்விட்டது. வேலையில் பட்ட அடி இல்லை என்பதால் ஒன்றும் கிடைக்காது என்று கூட இருப்பவர்கள் பயமுறுத்தியிருக்கிறார்கள். இங்கே பொதுவாக வைக்கிறேன், பலருக்கு உதவும்.

வேலையிடக் காயத்துக்கான இழப்பீடு வேறு, மருத்துவக் காப்பீடு வேறு. வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகள் வைத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலை 1 முதல் அது ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. 15,000 வெள்ளிக்கு மேல் போகும் தொகையில் காப்பீட்டு நிறுவனம் 75 சதவீதம், முதலாளி 25 சதவீதம். இந்த மாதம் முதல் தேதியிலிருந்து காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகக் கட்ட வேண்டும் என்றும் வந்திருக்கிறது. ஆகவே தம்பி, முதலில் டாக்டரைப் பார்த்து, என்ன அறுந்திருக்கிறது, என்ன சிகிச்சை தேவை என்று எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்துக் கம்பெனியில் பேசுங்கள். வாயால் பேசினால் மறந்துவிடுவார்கள்.

ஊருக்குப் போய்ச் செய்துகொள்கிறேன் என்று நீங்கள் முடிவெடுத்தால், அது உங்கள் குடும்பம், உங்கள் நிலைமை. அம்மா பக்கத்தில் இருப்பது பெரிய பலம். ஆனால் 22 மார்ச் குறிப்பை இன்னொரு முறை படித்துவிட்டுப் போங்கள்.

21 செப்டம்பர் 2025, இரவு 9.20

அக்காவின் மகள் பள்ளித் தோழிகளோடு சும்மா ஒரு ஆட்டம் ஆடட்டுமா என்று கேட்கிறாளாம். முட்டி பயமில்லாமல் இருக்கிறதாம். அஞ்சு மாதம்தான் ஆகிறது. வேண்டாம் என்று சொல்லுங்கள், நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள்.

நார்வேயையும் அமெரிக்காவையும் சேர்ந்த ஒரு குழு 2016-இல் வெளியிட்டது: ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப் போடும்போதும் மறுபடி அடிபடுவது 51 சதவீதம் குறைந்தது. ஒன்பது மாதம் ஆனால் மட்டும் போதாது, இரண்டு தொடையின் பலமும் கிட்டத்தட்டச் சமமாக வந்திருக்க வேண்டும், ஒற்றைக் கால் தாவல் சோதனைகளில் தேற வேண்டும். ஸ்க்ரூ இந்தக் கட்டத்தில் அவளைக் காப்பாற்றாது. அதன் வேலை ஜூலையோடு முடிந்துவிட்டது. இனித் தொடைத் தசையும், இறங்கும்போது முட்டி உள்ளே மடியாமல் இறங்கும் பழக்கமும்தான்.

பிசியோ சலிப்பாக இருக்கிறது என்கிறாள். இருக்கும். கண்ணாடி முன்னால் நின்று பெட்டியிலிருந்து குதித்துக் குதித்து முட்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பது யாருக்குத்தான் பிடிக்கும்? பயிற்சியாளரிடம் பேசி, ஓரத்தில் நின்று பந்து எறிந்து பழக விடச் சொல்லுங்கள். குழுவோடு இருக்கிறோம் என்ற எண்ணம் வேண்டும் அந்தப் பிள்ளைக்கு.

2 நவம்பர் 2025, மாலை 4.30

விடுதித் தம்பி ஊரில் ஆபரேஷன் முடித்துவிட்டார். டிஸ்சார்ஜ் தாளின் படத்தை அனுப்பியிருக்கிறார். கிராஃப்ட் எழுதியிருக்கிறது, "பயோ ஸ்க்ரூ" என்று எழுதியிருக்கிறது. அளவு இல்லை, நிறுவனம் இல்லை. பயோ என்று மட்டும் இருந்தால் தூய பாலிலாக்டிக்கா, தாது கலந்ததா என்று சொல்ல முடியாது. எக்ஸ்ரேயிலும் அது தெளிவாகத் தெரியாது, துளையின் ஓரம்தான் தெரியும். உலோகமாக இருந்தாலாவது படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி, தையல் பிரிக்கப் போகும்போது ஆபரேஷன் குறிப்பையும் ஒட்டுச்சீட்டின் நகலையும் கேளுங்கள். ரெக்கார்ட்ஸ் அறையில் இல்லை என்றால் பில்லைக் கேளுங்கள், ஸ்க்ரூவுக்குப் பணம் வாங்கியிருந்தால் பொருள் எண்ணோடு ரசீது இருக்கும். வாங்கியதைப் போனில் படம் எடுத்து, உங்களுக்கே ஒரு மின்னஞ்சல், அண்ணனுக்கு ஒன்று அனுப்பி வையுங்கள். முதல் 12 வாரப் பயிற்சியில் என்ன என்ன செய்யலாம், எது கூடாது என்று டாக்டர் கையெழுத்தில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். இங்கே பார்க்கும் பிசியோவுக்கு அதுதான் தேவைப்படும்.